கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்

ஒஸ்லோவின் பழம்பொருள் சந்தைகளில் கத்ரினேஹோல்ம் தொழிற்சாலையின் தாமரை இலை வரைந்த எனாமல் கிண்ணம் மேசைக்கு வந்தால் அதிக நேரம் தங்குவதில்லை. தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் அந்த இலை வரிசைக்காகக் கதவு திறப்பதற்கு முன்பே ஆட்கள் காத்து நிற்கிறார்கள். அதே மேசையின் மூலையில், உள்ளங்கை அகலத்தில், ஆழ்ந்த நீலமும் பச்சையும் கலந்த செப்புத் தட்டு ஒன்று பழைய கரண்டிகளுக்கு நடுவில் கிடக்கும். அதைப் பெரும்பாலும் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. நான் சேகரிப்பது இந்த இரண்டாவது வகையை. 1950களிலும் 60களிலும் நோர்வே, டென்மார்க், சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் செம்பின் மேல் எனாமல் இட்டுச் செய்த கிண்ணங்கள், தட்டுகள், சிமிழ்கள், சுவரில் மாட்டும் தகடுகள்.

பல வருடங்களாக இதில் ஈடுபட்டு வந்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. மரச்சாமானைத் தேய்த்து மெருகேற்றலாம், நசுங்கிய வெள்ளியைத் தட்டி நிமிர்த்தலாம், எனாமல் பெயர்ந்தால் அது பெயர்ந்ததுதான். வாங்குவது, கொண்டுவருவது, கழுவுவது, அலுமாரியில் வைப்பது எல்லாவற்றையும் இந்த ஒரு உண்மையே முடிவு செய்கிறது. அதனால் முதலில் பொருளின் நிலை, அடுத்தது அதன் அழகு, கடைசியில்தான் செய்தவரின் பெயர் என்ற வரிசையில் பார்க்கப் பழகியிருக்கிறேன். இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பணத்தை இழந்தவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொள்ளப் பொருள் எப்படி உருவாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எனாமல் என்பது கண்ணாடிதான். நிறமூட்டிய கண்ணாடியை மாவாக அரைத்து, சுத்தம் செய்த செப்புத் தகட்டின் மேல் ஈரமாகப் பரப்பியோ உலர்வாகத் தூவியோ சூளைக்குள் வைப்பார்கள். ஏறக்குறைய 750 முதல் 850 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் சில நிமிடங்களில் பொடி உருகிச் செம்போடு ஒட்டிவிடும். செம்பு உருக 1085 பாகை வேண்டும் என்பதால் தகடு தாங்கிக்கொள்ளும். பிறகு அடுத்த நிறம், அடுத்த சூடு. நல்ல வேலைப்பாடுள்ள கிண்ணம் பல தடவை சூளை கண்டிருக்கும்.

சிக்கல் ஆறும்போது வருகிறது. செம்பு கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்கும். சுருங்கும் செம்பு மேலே ஒட்டியிருக்கும் கண்ணாடியை இறுக்கிப் பிடித்தபடியே குளிர்கிறது. ஒரு பக்கம் மட்டும் எனாமல் இருந்தால் தகடு வளையும், கண்ணாடி வெடிக்கும். அதனால் தகட்டின் அடிப்பக்கத்துக்கும் எனாமல் இட்டு இழுவிசையைச் சமப்படுத்துவார்கள். ஆக, நாம் கையில் எடுக்கும் ஒவ்வொரு கிண்ணமும் இரண்டு கண்ணாடிப் படலங்களுக்கு நடுவில் இறுகிக் கிடக்கும் செம்பு. அறுபது எழுபது வருடமாக அந்த இறுக்கத்தைச் சுமந்துகொண்டிருக்கும் பொருள் என்பதை நினைவில் வைத்தால் கை தானாகவே மெதுவாகும்.

அடிப்பக்க எனாமலைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். மேற்பக்கம் கண்ணை மயக்கிவிடும். நிறம் பிடித்துவிட்டால் குறை தெரியாது. கவிழ்த்துப் பார்த்தால் பொருள் தன் கதையைச் சொல்லத் தொடங்கும். அடியில் கறுப்போ சாம்பலோ புள்ளிப்புள்ளியான கலப்பு நிறமோ சீராகப் பூசப்பட்டிருந்தால் செய்தவர் தொழில் தெரிந்தவர். சூளைக்குள் கிண்ணத்தைத் தாங்கிய முக்காலியின் மூன்று சிறு புள்ளிகள் பெரும்பாலும் அடியில் தென்படும். அவை குறையல்ல, கையால் சூளையில் வைத்து எடுத்த வேலை என்பதற்கான சாட்சி. விளிம்பில் உரசித் தேய்த்த செம்பு மெல்லிய கோடாகக் கபில நிறத்தில் தெரிய வேண்டும். வெள்ளை எனாமல் விளிம்பை நெருங்கி மெலியும் இடத்தில் இலேசான பச்சை ஓடியிருந்தால், செம்பின் ஒட்சைட்டு கண்ணாடிக்குள் கரைந்திருக்கிறது என்று அர்த்தம். உருக்கில் அந்தப் பச்சை வராது.

உருக்கையும் செம்பையும் பிரித்தறிய இதைவிட இலகுவான வழி சட்டைப்பையில் சிறு காந்தம். துணியில் சுற்றி வைத்திருங்கள். வெறுங்காந்தம் எனாமலில் கீறும். ஒட்டினால் உருக்கு. தாமரை இலைக் கிண்ணங்கள் எல்லாம் உருக்குதான். டென்மார்க்கின் பொறியியலாளர் ஹெர்பர்ட் கிரென்ஷெல் 1953இல் வடிவமைத்த கிரெனிட் கிண்ணங்களும், பின்லாந்தில் கை பிராங்க் என்ற வடிவமைப்பாளரின் ஃபினெல் கிண்ணங்களும் அப்படியே. எல்லாம் அழகானவை, சமையலறைக்கென்று பிறந்தவை, தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. காந்தம் ஒட்டாவிட்டால் உடனே செம்பு என்று முடிவு செய்துவிடக் கூடாது. நோர்வேயில் எமலொக்ஸ் என்ற பெயரில் நிறமேற்றிய அலுமினியக் கிண்ணங்கள் ஏராளமாக வந்தன. அவற்றையும் காந்தம் பிடிக்காது. ஆனால் கையில் எடுத்தால் எடையே இருக்காது, தேய்ந்த இடத்தில் வெள்ளி நிறம் தெரியும். செப்புத் தட்டு தன் அளவுக்கு மீறிக் கனக்கும்.

தாமரை இலையைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த இலை வடிவத்தை வரைந்தவர் ஆர்னே கிளவுசன். ஹால்டன் நகரில் இருந்த கத்ரினேஹோல்ம் தொழிற்சாலைக்காகப் பாத்திர வடிவங்களை உருவாக்கியவர் கிரேட்டே பிரிட்ஸ் கிட்டெல்சன். விற்பனை அறிவிப்புகளில் இலையும் அவருடையதாகவே எழுதப்படுகிறது. இந்தத் துறையில் ஆழ்ந்த அறிவும் கையும் கொண்ட ஒரு கலைஞர், தான் வரையாத இலைக்காகவே அதிகம் நினைக்கப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் 1917இல் பிறந்தார். தந்தை யாக்கோப் பிரிட்ஸும் பொற்கொல்லர். குடும்பம் நடத்திய டோஸ்ட்ரூப் நிறுவனம் 1832இல் தொடங்கியது. ஒஸ்லோவின் கார்ல் யோஹான் வீதியில், நாடாளுமன்றத்துக்கு எதிரே அந்தப் பெயரைத் தாங்கிய கட்டடம் இப்போதும் நிற்கிறது. 1952இல் ஸ்கண்டிநேவிய வடிவமைப்பாளர்களுக்கான லூனிங் பரிசு, 1954 மிலான் வடிவமைப்புக் கண்காட்சியில் மிக உயர்ந்த விருது. வெள்ளியிலும் செம்பிலும் கை பழகிய பிறகுதான் உருக்குக்கு வந்தார். ஒஸ்லோவின் தொழிலியல் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து பெரிய உருக்குப் பரப்புகளில் எனாமலைப் பிடிக்கவைக்கும் வழியைத் தேடினார். சாதாரண வீட்டு மேசைக்கும் நல்ல எனாமல் போய்ச் சேர வேண்டும் என்று விரும்பியவர். 2010இல் மறைந்தார்.

இவருடைய பொருள்களைத் தேடுவோருக்கு ஓர் உபயோகமான செய்தி. 1950களில் அவர் கட்டடக் கலைஞர் ஆர்னே கோர்ஸ்மோவின் மனைவி. அந்தக் காலப் பட்டியல்களிலும் சஞ்சிகைகளிலும் கிரேட்டே கோர்ஸ்மோ என்றோ கிரேட்டே பிரிட்ஸ் கோர்ஸ்மோ என்றோதான் பெயர் வரும். பிற்காலப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் முக்கியமான காலப்பகுதி கண்ணில் படாமலே போய்விடும்.

வெள்ளியில் எனாமல் செய்தவற்றுக்கு முத்திரை உண்டு. நோர்வே வெள்ளியில் 830எஸ் அல்லது 925எஸ் என்ற எண்ணும் செய்த நிறுவனத்தின் அடையாளமும் இருக்கும். 1876இல் தொடங்கிய டேவிட்-ஆண்டர்சன் போன்ற பெரிய நிறுவனங்களின் வெள்ளிக் கரண்டிகளையும் ஊசிப் பதக்கங்களையும் இதை வைத்தே உறுதிப்படுத்திக்கொள்ளலாம். செம்புக்கு அப்படி எந்தச் சட்டபூர்வ முத்திரையும் கிடையாது. அடிப்பக்க எனாமலில் தூரிகையால் எழுதிய கையொப்பமோ, இரண்டு எழுத்துகளோ, பசை காய்ந்த காகிதச் சீட்டோ மட்டுமே துணை. டென்மார்க்கின் போடில் ஏயே தன் கிண்ணங்களில் பெயர் எழுதியிருக்கிறார். நோர்வேயில் மரச்சாமான்களும் விளக்குகளும் வடிவமைத்த பியோர்ன் எங்கோவின் செப்புக் கிண்ணங்கள் பெயரோடு கிடைக்கின்றன. காகிதச் சீட்டு ஒட்டியிருந்தால் அதை எந்தக் காரணத்துக்காகவும் கழற்ற வேண்டாம். கழுவும்போது அந்தப் பகுதியில் நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிழிந்த சீட்டின் பாதியும் ஆதாரம்தான்.

கையொப்பமே இல்லாத பொருள்கள்தான் அதிகம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1950களிலிருந்து சிறிய மின்சூளைகளும் முன்கூட்டியே வடிவமைத்த செப்புத் தட்டுகளும் கடைகளில் கிடைத்தன. எனாமல் பலருக்கும் வீட்டுப் பொழுதுபோக்கானது. மாலை வகுப்புகளில் கற்றுக்கொண்டு சாம்பல் கிண்ணமும் ஊசிப் பதக்கமும் செய்தார்கள். அவற்றில் சில மிக நன்றாக இருக்கின்றன. என் அலுமாரியில் பெயர் தெரியாத கைகளின் தட்டுகள் இருக்கின்றன, அவற்றை விற்கும் எண்ணமே இல்லை. ஆனால் அத்தகைய தட்டைப் புகழ்பெற்ற கலைஞரின் விலைக்கு வாங்கக் கூடாது. விற்பவர் பெயரை உறுதியாகச் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். ‘அந்தக் காலத்தையது, நீலமாக இருக்கிறது’ என்பது பதில் ஆகாது. வடிவத்தைப் பாருங்கள்: கடையில் வாங்கிய அச்சுத் தட்டு முற்றிலும் சீரான வட்டமாக, மெல்லிய தகட்டில் இருக்கும். வடிவமைப்பாளர் தானே தீர்மானித்த கிண்ணத்தில் விளிம்பு எங்கே முடிய வேண்டும், அடி எவ்வளவு குறுக வேண்டும் என்ற யோசனை தெரியும். நிறம் வடிவத்தோடு பேசும்.

நிறத்தைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். சந்தைக் கூடத்தின் குழல் விளக்கில் எல்லா நீலமும் ஒரே நீலம். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் ஒளியில் சாய்த்துப் பாருங்கள், பெரும்பாலான விற்பனையாளர்கள் மறுக்கமாட்டார்கள். ஒளி ஊடுருவும் எனாமலில் ஒளி கண்ணாடியைத் தாண்டி உலோகத்தில் பட்டுத் திரும்புகிறது. நிறமற்ற எனாமலின் கீழே செம்பு பொன்னிறமாக மின்னும். செம்பின் நிறம் நீலத்தையும் பச்சையையும் மந்தமாக்கும் என்பதால் சிலர் நடுவில் வெள்ளி இழைத்தகடு வைத்திருப்பார்கள். சாய்க்கும்போது அந்தத் தகட்டின் சுருக்கங்கள் கண்ணாடியின் அடியில் பளிச்சிடும். உலோகத்தில் கீறிய கோடுகள் கிண்ணத்தைத் திருப்பத் திருப்ப இடம் மாறி ஒளிரும். இந்த அசைவு புகைப்படத்தில் வராது. இணையத்தில் படம் பார்த்து அலுத்துப்போனவர்கள் ஒருமுறை கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கலையைப் பற்றி முடிவுக்கு வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இன்னொரு நன்மையும் உண்டு: ஓவியமும் துணியும் வெயிலில் வெளிறும், சூளை கண்ட எனாமலின் நிறம் அப்படிப் போகாது. அறுபது வருடத்துக்கு முன் கலைஞர் பார்த்த சிவப்பைத்தான் நாமும் பார்க்கிறோம்.

இனி, சேதங்கள். சட்டைப்பையில் காந்தத்தோடு 10 மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியும் சிறு டோர்ச்சும் இருக்கட்டும். டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் மயிரிழை விரிசல்கள் கோடாக எழும்பித் தெரியும். விளிம்பை நகத்தால் வருடிக்கொண்டே முழுச் சுற்று வாருங்கள். பெயர்ந்த சில்லுகள் அதிகமும் விளிம்பில்தான் இருக்கும், அங்கேதான் அடி படுகிறது. அடிப்பக்கத்தில் ஊசிமுனை அளவு பெயர்வு இருந்தால் நான் தயங்காமல் வாங்குகிறேன். மேற்பக்கம் மெல்லிய கீறல்களும் வயதுக்குரியவை. நடுவில் வட்டமாகப் பெயர்ந்து அதைச் சுற்றிச் சிலந்தி வலையாக விரிசல் ஓடியிருந்தால், எவ்வளவு பெரிய பெயரானாலும் வைத்துவிட்டு நகர்கிறேன். அந்த விரிசல்கள் இன்னும் நிற்கவில்லை; அடுத்த தட்டலில் இன்னொரு துண்டு போகும். பெயர்ந்த இடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது என்பது தெளிவு.

திரும்பச் சூளையில் வைத்துச் சரிசெய்ய முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். கொள்கையளவில் முடியும், நடைமுறையில் அந்தப் பொருளைப் பணயம் வைக்க வேண்டும். விரிசலுக்குள் பல வருட எண்ணெயும் தூசியும் இருக்கும். சூட்டில் அவை கொப்பளிக்கும், கறுக்கும். பழைய எனாமலின் கலவை தெரியாமல் புதிய எனாமலைச் சேர்த்தால் இரண்டும் வெவ்வேறாகச் சுருங்கும். பழைய நிறங்களும் மாறக்கூடும். அதனால் திருத்துபவர்கள் நிறமிட்ட ரெசினால் பள்ளத்தை நிரப்புகிறார்கள். சொல்லிவிட்டு விற்றால் அதில் தவறில்லை. சொல்லாமல் விற்பதுதான் தொல்லை. ஒரு தனியார் விற்பனையாளர் ‘பழுதே இல்லை’ என்று எழுதிய சிவப்புக் கிண்ணம் ஒன்று வீட்டுக்கு வந்ததும் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். விளிம்பில் கட்டைவிரல் நகமளவு இடம் வெளிறிய நீலமாக ஒளிர்ந்தது. மற்றப் பகுதி இருண்டே இருந்தது. படத்தோடு எழுதியதும் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். புற ஊதா விளக்கு விலை குறைந்தது, கைக்கு அடக்கமானது. சந்தையில் அது இல்லாதபோது உதட்டின் ஓரத்தில் மெதுவாக வைத்துப் பாருங்கள். கண்ணாடி சில்லென்றிருக்கும், ரெசின் அவ்வளவு குளிராது. உருப்பெருக்கியில் ரெசின் திட்டின் ஓரம் பக்கத்து எனாமலின் மேல் ஏறியிருப்பதும் தெரியும்.

எங்கே வாங்குவது? நோர்வேயில் என் முதல் பதில் பாடசாலை பாண்ட் வாத்தியக் குழுக்கள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடத்தும் லொப்பெமார்க்கெட். ஊரெல்லாம் சேர்த்துக் கொடுத்த வீட்டுச் சாமான்களைப் பெற்றோர் பாடசாலை மண்டபத்தில் அடுக்கி விற்று, பிள்ளைகளின் சீருடைக்கும் வாத்தியத்துக்கும் பணம் சேர்க்கிறார்கள். கண்ணாடிப் பொருள் மேசைக்குப் போகாமல் உலோகச் சாமான் பெட்டிகளைக் கிளறுங்கள். எனாமல் தட்டுகள் அங்கேதான் போய்ச் சேர்கின்றன, 100 குரோனருக்குள் கிடைக்கும் நாட்களும் உண்டு. வாங்கினால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள், பணம் போவது பிள்ளைகளுக்கு. ஒஸ்லோவில் வெஸ்ட்கன்டோர்கே சந்தையும் பிர்கெலுன்டன் பூங்காவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் நல்லவை. அங்கே நிற்பவர்கள் தொழில் விற்பனையாளர்கள், விலை அதற்கேற்ப இருக்கும், ஆனால் அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. நான் ஒன்றும் வாங்காத நாட்களிலும் கேள்வி கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் பொறுமையாகப் பதில் கிடைத்தது.

ஏல நிறுவனங்களில் வாங்கினால் சுத்தியல் தட்டி முடிவாகும் விலைக்கு மேல் வாங்குபவர் செலுத்தும் ஏலக் கட்டணத்தைக் கணக்கில் எடுத்துவிட்டே உங்கள் எல்லையைத் தீர்மானியுங்கள். ஸ்டொக்ஹோம், கொப்பன்ஹேகன், ஹெல்சிங்கி ஏலங்களிலிருந்து நோர்வேக்கு வரும்போது 25 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் சேரும், நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருக்கிறது. எந்த இணைய விற்பனையாளரிடமும் மூன்று படங்கள் கேட்கிறேன்: அடிப்பக்கம் முழுதாக, கையொப்பம் நெருக்கமாக, விளிம்பு பக்கவாட்டு வெளிச்சத்தில். மூன்றாவது படத்தை அனுப்பத் தயங்குபவரிடம் வாங்குவதில்லை. அனுப்பும்போது பெட்டிக்குள் பெட்டி, நடுவில் நான்கு பக்கமும் மென்மையான நிரப்பு, இரண்டு தட்டுகளானால் தனித்தனிச் சுற்று என்று எழுதியே கேட்டுவிடுவேன். எனாமலும் எனாமலும் உரசினால் இரண்டுக்கும் சேதம்.

குளிர்காலத்தில் பொதி வந்தால் உடனே திறக்காதீர்கள். வெளியே மைனஸ் 15 பாகையில் கிடந்த செம்பு சூடான வரவேற்பறைக்குள் வந்ததும் அதன் மேல் நீர் பூக்கும், விரிசல் இருந்தால் அந்த ஈரம் உள்ளே இறங்கும். அதைவிட மோசமானது, ஆசையில் உடனே சுடுநீரில் கழுவுவது. செம்பும் கண்ணாடியும் வெவ்வேறு வேகத்தில் விரியும், அந்த இடைவெளியில் விரிசல் பிறக்கும். பெட்டியை மூடியபடியே வீட்டுக்குள், வாசல் நடையில் ஓர் இரவு வைத்திருங்கள். அதே காரணத்துக்காக விறகடுப்புக்கு மேலேயுள்ள தட்டிலோ மின்சூடாக்கிக்கு மேலேயுள்ள சாளரப் பலகையிலோ இவற்றை வைக்கக் கூடாது. நோர்வே வீடுகளில் அழகுப் பொருள் வைக்க முதலில் கைபோகும் இடங்களே இந்த இரண்டும்தான்.

கழுவ மெல்லிய சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீர், மென்மையான துணி, உடனே துடைத்து உலர்த்தல். இவ்வளவு போதும். பாத்திரம் கழுவும் இயந்திரம், சுரண்டும் நார், உலோக மெருகுப் பசை எதுவும் வேண்டாம். கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மா, என் தட்டுகளின் செப்பு விளிம்பு கறுத்திருப்பதைக் கண்டு பழப்புளி கரைக்கத் தொடங்கிவிட்டார். செப்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கி வாழ்ந்த தலைமுறை. செம்பு கறுத்தால் வீட்டுக்கே இழுக்கு என்பது அவர் எண்ணம். ‘அம்மா, இதைக் கறுத்தபடியே விட்டுவிடுங்கள், புளி பட்டால் கண்ணாடியின் மினுக்கம் போய்விடும்’ என்று தடுத்தேன். அமிலம் எனாமலின் மேற்பரப்பைத் தின்று மங்க வைக்கும், விளிம்பில் செம்பும் கண்ணாடியும் சேரும் இடத்தை அரிக்கும். கபிலமான அந்த விளிம்பு வயதின் அடையாளம், அப்படியே இருக்கட்டும்.

புளியைத் தட்டில் ஊற்றக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அக்காலச் செப்பு எனாமல்களில் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. சில சிவப்பு, மஞ்சள் நிறங்களில் கட்மியமும் உண்டு. ஊறுகாயோ தேசிக்காயோ பழத்துண்டுகளோ வைத்து விருந்தினருக்கு நீட்டாதீர்கள். கோது உரிக்காத கடலைகூட வைக்கும் துணிவு எனக்கு இல்லை. இவை பார்ப்பதற்கும் கையில் எடுப்பதற்குமான பொருள்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பெயர்ந்த விளிம்புள்ள தட்டை எட்டாத உயரத்தில் வையுங்கள். சில்லு கண்ணாடியாகவே வெட்டும்.

அடுக்கி வைக்க நேர்ந்தால் இடையில் கம்பளித் துணி அல்லது மெல்லிய நுரைத்தாள். சுவர்த் தகடுகளைப் பழைய கம்பியில் தொங்கவிடாமல் புதிய கொக்கி போடுங்கள். வீழ்ந்தால் மிச்சமிராது.

நான் ஒஸ்லோவில் வீட்டுத் தாதிமைப் பிரிவில் வேலை செய்கிறேன். முதியவர்களின் வீடுகளில் இந்தக் கிண்ணங்களை அடிக்கடி பார்க்கிறேன். திருமணப் பரிசாக வந்தது, முதல் சம்பளத்தில் வாங்கியது, கப்பலில் வேலை செய்த அண்ணன் கொடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வீட்டின் வரலாறு. பராமரிக்கப்படுபவரிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது, பரிசாகப் பெறவும் கூடாது என்பது எங்கள் வேலையின் விதி. அந்த விதி இல்லாவிட்டாலும் நான் வாங்கமாட்டேன். ஆனால் கேட்டுக்கொள்வேன். எந்தக் கடையில், ஏறக்குறைய எந்த வருடம், அப்போது அது விலை கூடிய பொருளா என்று. அவர்கள் சொல்லும் சிறு செய்திகள், 1950களில் ஒரு குடும்பம் தன் வரவேற்பறைக்கு எதைத் தேர்ந்தெடுத்தது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தன. நீங்கள் வேறெங்காவது ஒருவரிடமிருந்து நேரடியாக வாங்கினால் இதே கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுதி, கிண்ணத்தின் படத்தோடு கோவையில் வையுங்கள். அளவு, எடை, கையொப்பம், வாங்கிய நாள், விலை, இருக்கும் சேதம். கையொப்பமில்லாத செம்புக்கு இந்தக் காகிதம்தான் பிறப்புச் சான்றிதழ். வீட்டுக் காப்புறுதிக்கும் இதுவே தேவைப்படும்.

கண்ணைப் பழக்க அருங்காட்சியகத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. 2022இல் ஒஸ்லோ துறைமுகப் பக்கம் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்தில் பழைய கலைத்தொழில் அருங்காட்சியகத்தின் சேகரிப்பும் சேர்ந்திருக்கிறது. கிரேட்டே பிரிட்ஸின் வேலைகள் அதில் உள்ளன. பார்த்துவிட்டு வந்த அதே வாரத்தில் சந்தைக்குப் போங்கள். கண்ணுக்கு நல்ல வேலையின் அளவு புதிதாகப் பதிந்திருக்கும்போது, சுமாரான தட்டுகள் தாமாகவே விலகிக்கொள்ளும்.

நான் இப்போது தேடுவது பின்லாந்தின் சாரா ஹோபெயாவை. போர்வோ நகரப் பொற்கொல்லர் குடும்பத்தில் 1925இல் பிறந்தவர். நூத்தாயார்வி கண்ணாடித் தொழிற்சாலையில் கை பிராங்கோடு வேலை செய்து, கண்ணாடிக் குவளைகளால் பெயர் பெற்றவர். உலோக எனாமலிலும் நகைக் கலையிலும் அறிஞரான அமெரிக்கர் ஓப்பி உன்ட்ராக்டைத் திருமணம் செய்த பிறகு செப்பு எனாமலில் இறங்கினார். இருவரும் 1960களில் சில வருடங்கள் இந்தியாவிலும் நேபாளத்திலும் வாழ்ந்தார்கள். உன்ட்ராக்ட் பின்னாளில் இந்திய நகைகளைப் பற்றிப் பெரிய நூலொன்று எழுதியதற்கு வித்து அங்கேதான் விழுந்தது. ஹோபெயாவின் கிண்ணங்களைப் படத்தில் பார்க்கும்போது அந்த நிறங்களின் துணிவு மற்ற ஸ்கண்டிநேவியக் கலைஞர்களிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது. கண்ணாடியை ஊதத் தெரிந்த சூழலில் வளர்ந்த கை, அதே கண்ணாடியைச் செம்பில் உருக்கும்போது நிறத்துக்கு அஞ்சுவதில்லை.

அவருடைய செப்புக் கிண்ணங்கள் சந்தைக்கு வருவது குறைவு, வந்தாலும் பின்லாந்து ஏலங்களில்தான். இரண்டு ஏல நிறுவனங்களில் அவருடைய பெயருக்கு அறிவித்தல் போட்டு வைத்திருக்கிறேன். விளிம்பு பெயராத, அடிப்பக்கம் தெளிவான ஒன்று வந்தால், வரியும் ஏலக் கட்டணமும் சேர்த்து எவ்வளவு வரை போகலாம் என்று வீட்டில் பேசி முடிவெடுத்தாயிற்று. ஜூன் மாத விடுமுறைச் சம்பளத்தில் அதற்கான பங்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.